சிவப்பு நூல் கட்டிய அட்டை

கட்டபெட்டு,
மாசி மாதம், 1977.

என் வயிற்றில் பிறந்த செல்லையாவுக்கு அம்மா எழுதுவது.

நலம் விசாரிப்பதைப் பின்னால் வைத்துக்கொள்கிறேன். அன்றைக்குச் சங்கத்து ஆபீசில் இருந்தவர்கள் பெயரை முதலில் எழுதிவிடுகிறேன். அப்படி நடக்கவே இல்லையென்று நாளைக்கு ஒருவரும் சொல்லக் கூடாது. நாற்காலியில் இருந்தவர் செக்ரட்டரி ஆறுமுகசாமி. அவர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றவன் கிளார்க்கு தனசிங். பிள்ளைகள் விடுதியைப் பார்த்துக்கொள்ளும் ராமாத்தாள் டீச்சர் ஜன்னலோரம். குந்தாவில் கரண்டு வேலைக்குக் கூலியாகப் போகும் இசக்கி வாசற்படியில். அவன் மகனும் அந்த விடுதியில்தான் படிக்கிறான். பெஞ்சில் நான். என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு உன் மகள் மருதாம்பாள். இருக்க வேண்டிய இன்னொருவர் அங்கே இல்லை.

மருதாவை எழுதச் சொன்னால் முத்து முத்தாக எழுதுவாள். ஆனால் இது அவள் எழுதக்கூடிய கடிதமில்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான் படித்த மூன்றாம் வகுப்பை வைத்து எழுதுகிறேன், பொறுத்துப் படி.

முன்னே எழுதியதுதான். நீ படித்தாயோ இல்லையோ, திரும்பவும் சொல்கிறேன். சிலோனிலிருந்து வந்த பிள்ளைகளுக்கென்று கோத்தகிரியில் ஒரு சங்கம் இருக்கிறது. வெளிநாட்டில் யாராவது ஒருவர் ஒரு பிள்ளையை எடுத்துக்கொண்டு பணம் அனுப்புவார்கள். சோறு, புத்தகம், விடுதி எல்லாம் அதில்தான். நம் பிள்ளைக்கு அனுப்பி வந்தது ஒல்லாந்து தேசத்து அம்மா ஒருத்தி.

அந்த வெளிநாட்டுக்காரர்களுக்கு ஆளுக்கு ஓர் அட்டை போட்டு வைத்திருந்தான் தனசிங். அட்டையில் ஓட்டை போட்டு நூல் கட்டியிருப்பான். பச்சை நூல் என்றால் பிள்ளையின் கடிதம், போட்டோ எல்லாம் அனுப்பலாம். சிவப்பு நூல் என்றால் ஒன்றும் அனுப்பக் கூடாது, அவர்கள் வேண்டாமென்று சொல்லியிருக்கிறார்கள். ஒல்லாந்து அம்மாவின் அட்டையில் சிவப்பு நூல். அவளுடைய மகள் நம் பிள்ளை வயதில் செத்துப் போனாளாம். ஒரு பிள்ளை படிக்கட்டும், ஆனால் அவள் முகத்தை எனக்குக் காட்டாதீர்கள், பெயரையும் சொல்லாதீர்கள் என்று எழுதியிருந்தாளாம். தனசிங் இதைச் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ஒருத்தி கைச்சோற்றைத் தின்றுவிட்டு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று. பிறகு யோசித்தேன். சொல்லிவிட்டாளே, அது ஒரு மரியாதைதான்.

ஆறுமுகசாமி புதிதாக வந்தவர், கோயம்புத்தூர்க்காரர். வந்ததும் அட்டைகளைப் பார்த்துவிட்டு, என்னய்யா இது, ஆபீசா தறிக்குடோனா என்று சிரித்தாராம். எல்லாவற்றையும் புது அட்டையில் டைப் அடிக்கச் சொன்னார். பெயர், ஊர், தொகை. நூலுக்கு இடமில்லை. சார், சிவப்பு நூல்காரங்கள என்ன செய்யன்னு தனசிங் கேட்டதற்கு, காசு குடுக்கறவங்க கடுதாசி வேண்டாம்னு சொல்லுவாங்களா, போய்யா என்றாராம். அவனும் நூலையெல்லாம் அவிழ்த்துவிட்டு டைப் அடித்துவிட்டான்.

கார்த்திகையில் பக்கத்து வெலிங்டனிலிருந்து போட்டோக்காரனைக் கூட்டி வந்தார்கள். மருதாவுக்கு இரவல் கவுன், இரட்டைச் சடை, ரிப்பன். கிறிஸ்துமசுக்கு எல்லாப் பிள்ளைகளின் போட்டோவும் கடிதமும் விமானத் தபாலில் போயின. நம் பிள்ளை, அன்புள்ள அம்மா என்று தொடங்கி எழுதியிருக்கிறாள். தாயில்லாத அவளுக்கு அப்படிக் கூப்பிட வேறு யார் இருக்கிறார்கள்?

தையில் பதில் வந்தது. என் பெயரை அடித்துவிடுங்கள், இனி பணமும் இல்லை, எனக்கு யாரும் எதையும் எழுதவும் வேண்டாம் என்று. இசக்கி மகனுக்குக் கொடுத்தவரும் சிவப்பு நூல்காரர்தான், அவரும் அப்படியே விலகிவிட்டார். அதற்குத்தான் எங்களை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். பங்குனிப் பரீட்சை முடிந்ததும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டுமாம்.

நான் சும்மா இருப்பேனா? தப்பு உங்களுடையதுதான் என்று அந்த அம்மாவுக்கு எழுதுங்கள், மன்னிப்புக் கேளுங்கள் என்றேன். அதற்கு ஆறுமுகசாமி, ஏனுங்க பாட்டிம்மா, எழுதாதீங்கன்னு சொன்னவங்களுக்கு எழுதினதுலதானுங்க இத்தன வினையும், மறுக்கா எழுதச் சொல்றீங்களே என்கிறார். குடுத்த கையத் தட்டி விட்டுட்டு இப்ப சட்டம் பேசுறீங்களே ஐயா என்று கேட்டேன். இசக்கிதான் சிரித்தான். தட்டாதன்னு சொன்ன கதவத் தட்டிட்டு, மன்னிப்புக் கேக்கவும் அதே கதவத்தான தட்டணும் ஆத்தா என்றான். சிரித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

மருதா வெளியே வந்ததும், நான் என்ன அப்பாயி தப்பா எழுதினேன் என்று கேட்டாள். அன்றிலிருந்து பேனாவைத் தொடவில்லை. மில்லுக்குப் பிள்ளை சேர்க்கும் தரகன் நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீட்டுக்கு வந்து போகிறான். அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நூலுக்கு நல்ல விரல் என்கிறான். பங்குனி முடிந்தால் அவனுக்கு என்ன பதில் சொல்வேன்?

ஒரே ஒரு வழி ராமாத்தாள் டீச்சர் சொன்னாள். ஊட்டியில் சர்க்கார் விடுதி. யாருடைய பணமும் வேண்டாம். ஆனால் தகப்பன் உயிரோடு இருக்கிறபோது அவன் கையெழுத்து இல்லாமல் சேர்க்க மாட்டார்களாம். நான் வந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும்வரை வைத்திருங்கள் என்று நீ எழுத வேண்டும். இல்லையென்றால், நான் வரப்போவதில்லை, என் தாயே காப்பாளர் என்று எழுத வேண்டும். இரண்டில் எது வந்தாலும் சேர்த்துக்கொள்வார்கள்.

நாங்கள் கப்பலேறிய அன்று தலைமன்னாரில் உன் அப்பாவின் காப்பிக்கலர் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றாய். பிள்ளை பெயர் உன் பாஸ்போர்ட்டில் இருக்கிறது, நீ கூட்டிக்கொண்டு போ, என்னுடையது வந்ததும் அடுத்த கப்பலில் வந்துவிடுகிறேன் என்றாய். கப்பல் அசைவதற்கு முன்னாலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டாய், அதையும் பார்த்தேன். நம் தோட்டத்திலிருந்து பிந்தி வந்த தெய்வம்மா எல்லாம் சொன்னாள். பாஸ்போர்ட்டு வந்துவிட்டதாம். பண்டாரவளைப் பக்கம் ஒருத்தியோடு இருக்கிறாயாம். என் கடிதங்கள் உன் காம்பரா அறையின் கூரையில் செருகியபடி இருக்கின்றனவாம். அந்தப் பெண்ணை நான் வையவில்லை. நன்றாக இருக்கட்டும்.

இத்துடன் டீச்சர் எழுதிக் கொடுத்த இரண்டு தாள் வைத்திருக்கிறேன். வருகிறேன் என்ற தாளில் பச்சை நூல். வரவில்லை என்ற தாளில் சிவப்பு நூல். ஒன்றில் கையெழுத்துப் போட்டு அனுப்பு. ரிஜிஸ்தர் தபாலில் அனுப்புகிறேன், இதை வாங்கவே நீ கையெழுத்துப் போட வேண்டும். இன்னொன்று போட்டால் கை தேய்ந்துவிடாது.

இருமல் இருந்தால் வெந்நீர் குடி. பனியில் தலையை மூடிக்கொள். நீயும் உன் வீட்டிலிருப்பவளும் நோய் நொடியில்லாமல் இருக்க வேண்டும், அம்மன் காப்பாற்றட்டும்.

ஒல்லாந்து அம்மாவை மன்னித்துவிட்டேன், அவள் வேண்டாமென்று சொல்லிவிட்டு விலகியவள். தனசிங் பிஸ்கட் பொட்டலத்தோடு லயத்து வாசலில் வந்து நின்றான். தேத்தண்ணி கொடுத்தேன், சீனி போடவில்லை. அடுத்த தடவை போடுவேன். ஆறுமுகசாமிக்கு இன்னும் கொஞ்ச நாளாகும். சிவப்பு நூல் வந்தாலும் அனுப்பியவனை மன்னிப்பேன், ஆணை. பங்குனி போய் இரண்டு நூலும் வராவிட்டால், சாகிறவரைக்கும் நான் மன்னிக்காத ஆள் ஒருவன்தான். அவன் பெயர் கருப்பம்மா மகன் செல்லையா.