தொட்டால் தெரியாத கோடு

நவ. 3, திங்கள்

விடியலிலிருந்து தூறல். காகிதம் நமுத்துப்போய், ஊசியால் குத்தினால் புள்ளி எழும்ப மாட்டேன் என்கிறது. போன வருஷத்து மாதக் காலண்டர் தாள்தான் கெட்டி. பன்னிரண்டையும் அத்தை எனக்கென்று எடுத்து வைத்திருந்தார். இன்று எழுதுவது ஏப்ரலின் முதுகில்.

இந்த வீட்டில் பிரெயில் தெரிந்தவர்கள் இரண்டே பேர். நானும் என் வீட்டுக்காரரும். (முருகேசன் என்று முழுதாகக் குத்தினால் விரல் வலிக்கிறது. இனி மு.) இரண்டு பேருக்குமே பிறந்ததிலிருந்து பார்வை கிடையாது. அவர் என் தாளைத் தொட மாட்டார், அந்த மரியாதை உண்டு. கண் இருக்கும் அத்தைக்கு இது வெறும் சொரசொரப்பு. ஆக எதை வேண்டுமானாலும் எழுதலாம்.

எழுதுகிறேன். ஒன்பது நாள் தள்ளிப்போயிருக்கிறது.

யாரிடமும் சொல்லவில்லை. மு.விடம் மட்டும். "நானும் எண்ணிட்டுதான் இருந்தன் கோமு" என்றார். திருடன்.

செய்ய வேண்டியவை:
– எட்டாம் வகுப்புத் தேர்வுத்தாள். கீதா டீச்சரை வாசிக்கச் சொல்லித் திருத்த.
– மு. நீலச் சட்டைக்குப் பட்டன். (நீலம் என்று கடைக்காரர் சொன்னது.)
– அத்தைக்கு மூட்டுத் தைலம்.
– நாளை அரை நாள் சி.எல். நர்ஸக்காவிடம் கர்ப்பச் சோதனை கிட் வாங்க.

நவ. 4, செவ்வாய்

மழை விட்டுவிட்டது. தெருவெல்லாம் சேறு, கோலை வைத்த இடமெல்லாம் உள்ளே போகிறது.

செவ்வாய் என்றால் துணை சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகள் நாள். பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் ஒரு பெண், சித்தேரி மலைக்காரி. தங்கை வீட்டுக்கு வந்திருக்கிறாள். அவர்கள் ஊர்ப் பக்கம் கிட் வந்து ரொம்ப நாளாயிற்றாம். "பஸ் மாறி மாறி வந்து கேக்க வேண்டியதா இருக்குதுங்க" என்றாள். எனக்கு முன்னால் ஒரு புதுப்பெண்ணுக்கு நர்ஸக்கா இரண்டு கிட் கொடுத்தார். "வூட்லயே பாத்துக்கம்மா. காலைல மொத யூரின், மூணு சொட்டு, அஞ்சு நிமிசம். ஒரு கோடுன்னா இல்ல, ரெண்டு கோடுன்னா இருக்குது."

என் முறை.

"எனக்கும் வீட்டுக்கு ரெண்டு குடுங்கக்கா."

"உனக்கு எதுக்கு கோமதி வூட்டுக்கு? யாரு பாத்துச் சொல்றது? பாத்ரூம் அங்க இருக்குது, புடிச்சிட்டு வா. நானே பாத்துச் சொல்றன்."

"எனக்கு முதல்ல தெரியணுங்கக்கா."

"நான் சொன்னாத்தான உனக்குத் தெரியும்?"

நல்லவர். மழையில் வீடு வீடாக நடக்கிறவர். தட்டிக்கழிக்கிறாரே என்று கோபப்படவும் வழியில்லை, அக்கறையாகத்தான் சொல்கிறார். "இருக்கறதே கொஞ்சம், எதுக்கு வேஸ்ட்டாக்கணும், வேணும்னா அத்தைய கூட்டிட்டு வா" என்றார். சோதிக்காமலே திரும்பிவிட்டேன். அத்தையிடம் தலைவலி என்று பொய்.

இரண்டு வருஷத்துக்கு முன் இதே அறை. கோட்டைப் பார்த்த நர்ஸக்காவுக்கு சந்தோஷம் தாங்கவில்லை. என்னிடம் சொல்லாமல் என் தலைக்கு மேலே வாசலைப் பார்த்துக் கூவினார்: "யம்மா, உங்க மருமவ முழுகாம இருக்குறா." வாசலில் அத்தை. அத்தைக்குப் பக்கத்தில் எட்டுப் பேர். நான் பஸ் ஸ்டாண்ட் வருவதற்குள் பூக்காரம்மா எனக்கு வாழ்த்துச் சொன்னார். ஏழாவது வாரம் கலைந்துவிட்டது. பிறகு அத்தனை வாய்க்கும் பதில் சொன்னவள் நான். பூக்காரம்மா வரைக்கும்.

என் உடம்பைப் பற்றி ஊருக்குத் தெரிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இந்தத் தடவை அப்படி வேண்டாம். நல்லதோ கெட்டதோ, முதலில் எனக்கு. அவ்வளவுதான் கேட்கிறேன்.

நவ. 5, புதன்

வெயில். மு. ஆபீசுக்குக் கிளம்பும் முன்பு அரசாங்க இலவச எண்ணைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். தர்மபுரி கரண்ட் ஆபீசில் புகார் எடுக்கிற மனுஷன், புகார் எப்படிச் சொல்ல வேண்டும் என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டாம். பார்வை இல்லாதவர்கள் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்கிற மாதிரி கிட் உண்டா, இல்லையென்றால் வேறு என்ன வழி என்று அழகாகக் கேட்டார்.

அந்தப் பெண்: "சார், உங்க புகார் எந்தப் பிரிவு? கர்ப்பமா, மாற்றுத்திறனாளியா?"

"ரெண்டுந்தாங்க."

"ரெண்டு பிரிவு போட முடியாது சார். ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

ஏதோ ஒன்றில் போட்டு எண் கொடுத்தாள். மு.வுக்கு அவள் மேல் கோபமே இல்லை. "பாவம், நானும் இப்பிடித்தான், டிரான்ஸ்பார்மரா லைனான்னு ஒண்ணு சொல்லுங்கம்பன்" என்றார். எனக்குச் சிரிப்பு. செருப்பு மாட்டிக்கொண்டே, "நம்ம கொழந்தக்கு இப்பவே புகார் எண் வந்திருச்சு" என்றார். அதற்குச் சிரிக்க முடியவில்லை. குழந்தை என்று சொல்லிவிட்டாரே.

நவ. 7, வெள்ளி

அத்தை காலையில் தினக் காலண்டர் தாளைக் கிழித்து ராசிபலன் வாசித்தார். எனக்கு 'பொறுமை', மு.வுக்கு 'பயணம்'. தினமும் கடத்தூரிலிருந்து தர்மபுரிக்கு நின்றுகொண்டே போகிறவருக்குப் பயணமாம்.

இங்கே மருந்துக் கடை வைத்திருப்பவர் அத்தையின் அண்ணன் மகன், வாங்கினால் தண்டோரா. ஆகவே மு. தர்மபுரியில் ஒரு கிட் வாங்கி டிபன் பாக்சுக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தார். அத்தை சந்தைக்குப் போன நேரம் ஒத்திகை. மூன்று சொட்டுத் தண்ணீர் விட்டு, போனில் படம் பார்த்துச் சொல்லும் ஆப்புக்குக் காட்டினோம்.

முதல் தடவை: "வெள்ளை நிறப் பல் துலக்கி. அருகில் ஒரு விரல்."

இரண்டாம் தடவை: "பச்சை மேசை மீது ஒரு பொருள்."

மூன்றாம் தடவை: "இரண்டு கோடுகள் தெரிகின்றன."

வெறும் தண்ணீருக்கு. மு. மெதுவாக, "கோமு, நம்ம பஞ்சாயத்துத் தண்ணி முழுகாம இருக்குது" என்றார். இருவரும் கட்டிலில் விழுந்து சிரித்தோம். சிரித்து முடித்ததும் நான் அழுதுவிட்டேன். இதை நம்பி இருந்திருந்தால்?

வீடியோ காலில் முகம் தெரியாத யாரையாவது கேட்கலாம் என்றார். "எங்கயோ இருக்கறவங்க, மறந்துருவாங்க." எனக்கு மனசு வரவில்லை. முகம் தெரியாவிட்டாலும் எனக்கு முன்னால் தெரிந்துகொள்கிற ஆள்தானே. அவர் வாதாடவில்லை. என் கையைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். இந்த ஆள் இல்லாவிட்டால் நான் என்ன செய்வேன்.

இன்னும் பட்டன் தைக்கவில்லை.

நவ. 9, ஞாயிறு

மூட்டம். துணி காயவில்லை.

அலமாரியில் எல்லா எவர்சில்வர் டப்பாவும் ஒரே அளவு. மூடியில் என் பிரெயில் சீட்டுகள். அத்தை உப்புமா கிண்டும்போது அவசரத்தில் கேட்டார்: "யம்மா கோமதி, இதுல ரவ எது? மூணு டப்பா தொறந்துட்டன்."

தடவி எடுத்துக் கொடுத்தேன்.

"கண்ணு இருந்து என்ன, உஞ்சமையல்கட்டுல நான் குருடி."

அத்தை சாதாரணமாகத்தான் சொன்னார். என் விரல் அடுத்த டப்பாவின் சீட்டில் நின்றுவிட்டது. அத்தைக்குப் படிக்கத் தெரியாத சீட்டு நர்ஸக்காவுக்கும் தெரியாதே! கோடு அவர் பார்க்கட்டும். யாருடைய கோடு என்பது எனக்கு மட்டும் தெரியட்டும்.

ஆனால் நான் ஒருத்தி மட்டும் போனால் ஒரே கிட், யாருடையது என்று உடனே தெரியும். நாலைந்து பேர் வேண்டும். செவ்வாய்க்கிழமை கூட்டம் இருக்கும்.

மு.விடம் சொன்னேன். மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னார். பிறகு, "டீச்சர்னா டீச்சர்தான்" என்றார். உப்புமாவில் உப்பு இல்லை. ஒருவரும் கவனிக்கவில்லை.

நவ. 11, செவ்வாய்

நல்ல வெயில். மறுபடி அரை நாள் சி.எல். தலைமையாசிரியர் என்னம்மா உடம்புக்கு என்றார். பல் என்றேன்.

பெஞ்சில் சோதனைக்கென்று வந்தவர்கள் என்னோடு சேர்த்து ஐந்து பேர். சித்தேரி அக்காவின் குரலும் இருந்தது. போன வாரம் கொடுத்த கிட்டை ஊசி மருந்து மாதிரி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டாளாம், தங்கை மாமியார் யாருடையது என்று கேட்டதும் பயந்து தூக்கிப் போட்டுவிட்டாளாம். நான் விஷயத்தை மெல்லச் சொன்னேன். முதலில் யாருக்கும் பிடிபடவில்லை. ஒருத்திக்குப் புரிந்ததும் சொன்னாள்: "அய்யோ, செய்ங்க டீச்சர். போன தடவ இந்த நர்ஸக்கா சத்தமா 'இல்ல'ன்னு சொல்லி, வெளிய நின்ன எம் மாமியா பஸ் ஏர்ற வரைக்கும் பேசுனாங்க." எனக்கு மட்டும்தான் இந்தக் குறை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். கண் இருக்கிறவர்களுக்கும் இருந்திருக்கிறது.

நர்ஸக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "இது என்ன வெளையாட்டு? நான் பதிவு போடணும்மா."

"வீட்டுக்குக் குடுத்தா அவங்க வந்து சொன்னப்புறந்தான பதிவு போடுவீங்க? இதையும் அப்படி வெச்சுக்குங்கக்கா. எங்களுக்கு இதுதான் வீடுன்னு நெனச்சுக்குங்க."

பேனா மூடியைத் திறந்து மூடும் சத்தம். நாலைந்து தடவை. கடைசியில், "சரி, தட்டு ரெண்டு எடுத்தாரன்" என்றார்.

ஐந்து கிட்டின் முதுகிலும் சீட்டு ஒட்டினேன். ஒவ்வொருவரும் அவரவரே சொட்டு விட்டார்கள். கலைத்து வைத்தோம். ஐந்து நிமிடம். சுவர்க் கடிகாரச் சத்தம், வெளியே ஊசி போட்ட குழந்தையின் அழுகை. இரண்டு கோடு வலது தட்டு, ஒரு கோடு இடது தட்டு என்று பிரித்து வைத்துவிட்டு நர்ஸக்கா வெளியே போனார். கதவையும் சாத்திவிட்டுப் போனார். அவருக்கு என்னவோ புரிந்திருக்கிறது.

இடது தட்டில் மூன்று. வலதில் இரண்டு. ஒவ்வொன்றாகத் தடவி, ஒவ்வொருத்தியையும் கூப்பிட்டு, காதில் சொன்னேன். ஒருத்தி என் கையை இறுக்கிப் பிடித்தாள், ஒருத்தி மூச்சை விட்டாள். யாருக்கு என்ன என்று இங்கேயும் எழுதப் போவதில்லை.

என் சீட்டில் 'கோ' என்று மட்டும். அது வலது தட்டில் இருந்தது.

மூன்று தடவை தடவினேன். இந்த உலகத்தில் அந்த நிமிஷம் எனக்கு மட்டும்தான் தெரியும். எவ்வளவு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. பயமாக இருந்தது. சந்தோஷமாக இருந்தது. இரண்டையும் யாரும் பார்க்கவில்லை.

வெளியே வந்தபோது நர்ஸக்கா எதுவும் கேட்கவில்லை. "ஃபோலிக் மாத்திரை அஞ்சு பேரும் ஒரு பட்டை எடுத்துட்டுப் போங்க. யாருக்கும் கெடுதலில்ல. சொல்லணும்னு தோணும்போது வந்து சொல்லுங்க, ரொம்ப நாளாக்காதீங்க" என்றார். அடுத்த செவ்வாயும் சீட்டோடு வா என்று என் தோளைத் தட்டினார்.

மு. ஆறரை பஸ்ஸில் வந்தார். காபி டம்ளரில் சீட்டு ஒட்டிக் கொடுத்தேன். விரல் நகரும் சத்தம் கேட்டது. பிறகு காபி குடிக்கும் சத்தம் கேட்கவே இல்லை. ஆடை படிந்து ஆறிப்போயிற்று. கையை நீட்டி அவர் முகத்தைத் தொட்டேன். ஈரம்.

அத்தையிடம் மூன்று மாதம் கழித்துச் சொல்வதாக முடிவு. கஷ்டமாகத்தான் இருக்கிறது.

நவ. 12, புதன்

பனி. மு.வின் நீலச் சட்டைக்குப் பட்டன் தைத்தாயிற்று. அவர் கிளம்பியதும் அத்தை வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். தைல வாசனை.

"பதினெட்டு நாளா நானும் காலண்டர்ல தாளு கிழிக்கறன், கோமதி."

ஊசியை நூல்கண்டில் குத்தி வைத்தேன்.

"கேக்க மாட்டன். எனக்கு வாயி நிக்காது, அது எனக்கே தெரியும். போன தடவ நான்தான் பூக்காரிகிட்ட சொன்னது. அப்புறம் நீ அவகிட்ட நின்னு பதில் சொன்னியே, நான் பாத்துட்டுதான் இருந்தன்." முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொள்ளும் சத்தம். "நேத்து செவ்வாக்கெழம, நீ எங்க போனன்னு தெரியும். என்னன்னு உன் புள்ளி எழுத்துல எழுதி எங்கிட்ட குடுத்துடு. எனக்குத்தான் படிக்கத் தெரியாதே. எங்கிட்ட இருக்கட்டும். என்னிக்கு உனக்குச் சொல்லணும்னு தோணுதோ, அன்னிக்கு நீயே படிச்சுக் காட்டு."

ஏப்ரல் தாளின் ஓரத்தைக் கிழித்து எழுதினேன். இரண்டே வார்த்தை. ஒரு புள்ளி தவறிப்போய் மறுபடி குத்தினேன். அத்தை வாங்கிக்கொண்டார். முந்தானையில் முடிவதற்கு மடிக்கப் போனார் போல, தாள் சத்தம்.

"மடிக்காதீங்கத்தை, புள்ளி நசுங்கிடும்."

சத்தம் நின்றது. எழுந்து, மடிக்காமல் எடுத்துக்கொண்டு போனார்.