சந்தனம் அடைத்த கேஸ் மீட்டர்

அனுப்புநர்:
அ. யுவராணி (வயது 31),
கருவிப் பராமரிப்பாளர் (தற்போது பணியிடை நீக்கம்),
குச்சனூர், தேனி மாவட்டம்.

பெறுநர்:
தொழிலகப் பாதுகாப்பு ஆய்வாளர் அவர்கள்,
தேனி.

பொருள்: பசுங்குலை பழக் கிடங்கில் பழுதான கேஸ் மீட்டரைக் கொடுத்துத் தொழிலாளியைப் பழுக்கவைக்கும் அறைக்குள் அனுப்புவதை இன்றே தடுக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி கிடங்கில் ஆறு ஆண்டுகள் பணிபுரிந்தேன். வாழைத்தார்களை அடைத்துப் பழுக்கவைக்கும் அறைகளில் கரியமில வாயு சேரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. ஆகவே உள்ளே போகிறவர் இடுப்பில் கேஸ் மீட்டர் மாட்டிக்கொள்ள வேண்டும். வாயு மிகுந்தால் அது அலறும். அலறுமா என்று வாரந்தோறும் சோதிப்பதே என் வேலை. திறந்த வெளியில் மீட்டரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, இரண்டு சதவீத வாயு அடைத்த சிறு சிலிண்டரின் குழாயை அதன் வாயில் பொருத்தினால், ஒரு நிமிடத்தில் 2 காட்ட வேண்டும். அவ்வளவுதான். இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம், பொறுமை போதும்.

2. கடந்த 1ஆம் தேதி ஆயுத பூஜை. தராசு முதல் தள்ளுவண்டி வரை எல்லாவற்றுக்கும் மேலாளர் திரு. சுரேஷ்கண்ணன் தம் கையாலேயே சந்தனம், குங்குமம் வைத்தார். மீட்டரின் முகப்பில் வட்டமாக ஒரு வலை உண்டு. பொட்டு வைக்கவே செய்த இடம் என்று நினைத்துவிட்டார் போலும். காற்று உள்ளே போகிற வழியே அதுதான். நானும் என் ஸ்கூட்டிக்கு ஆண்டுதோறும் பொட்டு வைக்கிறவள்தான். என் பக்தியில் குறை காண வேண்டாம்.

3. 3ஆம் தேதி காலை சோதித்தேன். மீட்டர் 0.3 காட்டியது. சிலிண்டரின் அழுத்தம் சரியாக இருந்தது, குழாயில் கசிவில்லை. வலையைப் பார்த்தால் சந்தனம் காய்ந்து அடைத்திருந்தது. புது வலை மதுரையிலிருந்து வர இரண்டு நாளாகும், அதுவரை இதை யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சந்தனத்தைத் துடைக்கத் துணியை எடுத்தேன். மேலாளர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "சாமி கும்பிட்ட சாமானத் தொடைக்கிற வேலையெல்லாம் வச்சுக்காத. அங்கன வச்சிட்டுப் போ." சிவப்பு அட்டை கட்டி, பதிவேட்டில் 'தேறவில்லை' என்று எழுதி வைத்துவிட்டு வந்தேன். அதைவிட உரக்கக் கத்தியிருக்க வேண்டும். அது என் தப்பு.

4. மறுநாள் சென்னை லாரிக்கு நேரமாகிவிட்டதாம். அட்டையை அறுத்துப் போட்டுவிட்டு, அதே மீட்டரைச் சுமைதூக்கும் ஒச்சாண்டியிடம் கொடுத்து நான்காம் அறைக்கு அனுப்பினார்கள். அவர் சுருண்டு விழுந்த பிறகும் மீட்டரில் பச்சை விளக்குதான் எரிந்தது. நாங்கள் மூன்று பேர் காலைப் பிடித்து வெளியே இழுத்தோம். ஆஸ்பத்திரியில் கண் திறந்திருக்கிறார். மனைவி மூக்கம்மாளை அடையாளம் தெரியவில்லை.

5. 6ஆம் தேதி எனக்குப் பணியிடை நீக்க மெமோ வந்தது. 'கருவியைப் பராமரிக்கத் தவறினார்' என்று காரணம். நான் எழுதிய பதிவேட்டுப் பக்கத்தைக் காணோம். சிலிண்டர் இருக்கும் அலமாரிச் சாவியையும் பிடுங்கிக்கொண்டார்கள். இப்போது சோதனைக் கையெழுத்து மேலாளர் போடுகிறார். சிலிண்டரில் ரெகுலேட்டரை எந்தப் பக்கம் திருக வேண்டும் என்பதுகூட அவருக்குத் தெரியாது.

6. ஒச்சாண்டியின் இடத்தை நிர்வாகம் கருணையோடு மூக்கம்மாளுக்கே கொடுத்திருக்கிறது. வெள்ளிக்கிழமை முதல் அவர் இடுப்பில் அதே மீட்டர். மேலே துடைத்துவிட்டார்கள், வலையை மாற்றவில்லை. போகாதே என்று வீட்டுக்கே போய்ச் சொன்னேன். "பச்சையாத்தான எரியுது ஆத்தா. சாரு செக் பண்ணித்தான் குடுத்தாக" என்கிறார். வேலை போன கோபத்தில் நான் பேசுவதாக அவரிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள். எனக்குக் கோபம் உண்டுதான், ஐயா. மீட்டருக்கு யார் மேலும் கோபம் கிடையாது. தங்கள் சிலிண்டரைக் கொண்டுவந்து ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள்.

7. என் மெமோவைப் பிறகு விசாரிக்கலாம். மீட்டரை இன்று கைப்பற்றுங்கள். வர இயலாவிட்டால், கதவைத் திறந்து வைத்து, மின்விசிறி ஓடி, காற்று முழுதும் மாறிய பிறகே ஆளை உள்ளே விடும்படி தொலைபேசியிலாவது உத்தரவிடுங்கள். நாளை காலை ஆறு மணிக்கு நான்காம் அறையைத் திறக்கும் முறை மூக்கம்மாளுடையது. அவருக்கும் ஏதாவது ஆகிவிட்டால் ஆஸ்பத்திரியில் ஒச்சாண்டிக்குக் கஞ்சி ஊட்ட வேறு ஆள் இல்லை.

இணைப்பு: மீட்டர் 0.3 காட்டியபோது கைபேசியில் எடுத்த படம்.

இடம்: தேனி
நாள்: 13.10.2025

தங்கள் உத்தரவுக்காக அலுவலக வாசலிலேயே காத்திருக்கும்,
(ஒப்பம்)
அ. யுவராணி