ஒன்பதாம் மாத ஊசி

நான் ஒரு நாளும் பார்க்காத என் தேன்மொழி அக்காவுக்கு,

வயதைப் பார்த்தால் நீங்கள் என்னைவிட மூன்று வயது சின்னவர். ஆனாலும் இந்த வீட்டுக்கு எனக்கு முன்னால் வந்தவர் என்பதால் அக்கா என்றே கூப்பிடுகிறேன். உங்களுக்கு இனி வயது ஏறாது. எனக்கு ஏறிக்கொண்டே போகும். உங்கள் மேல் எனக்குள்ள பொறாமைகளில் இதுதான் ஆகச் சின்னது.

என் பெயர் அமுதா. ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் காருக்கு வயர் கட்டும் லைனில் ஒன்பது வருடம் நின்றவள். டெங்குக் காய்ச்சலில் நீங்கள் போய் ஐந்து மாதம் கழித்து, உங்கள் வீட்டுக்காரர் பிரபுவுக்கு இரண்டாம் தாரமாகப் பிள்ளைப்பாக்கத்துக்கு வந்தேன். உங்கள் மகள் யாழினிக்கு அப்போது பத்து மாதம். என் இடுப்பில் உட்கார்ந்துகொண்டு என் தோளுக்கு மேலே யாரையோ தேடுவாள்.

தினமும் ஷிப்டுக்குக் கிளம்பும் முன் பிரபு அவளைத் தூக்கிக்கொண்டு போய் உங்கள் படத்துக்கு முன்னால் நிற்பார். "அம்மா எங்க? அம்மாவுக்கு டாட்டா சொல்லு" என்பார். அவள் குட்டிக் கையை ஆட்டுவாள். நான் பக்கத்திலேயே அவருக்குச் சாப்பாட்டு டப்பாவை வைத்துக்கொண்டு நிற்பேன். அவள் வாயில் முதலில் வந்த சொல் "ம்மா"தான். அதைச் சொன்னபோது அவள் விரல் உங்களைக் காட்டியது. அன்றைக்கு நான் சரியாகச் சாப்பிடவில்லை, அக்கா.

வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. கிராமத்து நர்சம்மா வீட்டுக்கு வந்தார். "இன்னாம்மா, பாப்பாவுக்கு ஒம்போதாம் மாச ஊசி பாக்கி கீதே. அம்மைக்குப் போடறது. ரெண்டு வாட்டி வந்து சொல்லிட்டுப் போனேன்" என்றார். எனக்கு ஒன்றும் தெரியாது. சாயந்தரம் பிரபுவிடம் கேட்டபோதுதான் அந்தக் கதை வெளியே வந்தது. மூன்றரை மாதத்தில் ஊசி போட்ட அன்றைக்கே காய்ச்சல் ஏறி, பிள்ளைக்கு வலிப்பு வந்துவிட்டதாம். நீங்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, இனிமேல் இவளுக்கு ஊசியே வேண்டாம் என்று சொன்னீர்களாம்.

"அதுக்கப்புறம் ரெண்டு மாசம்கூட அவ இல்ல. அவ சொன்னத நான் மீற மாட்டேன்" என்றார்.

"டாக்டர ஒரு வார்த்த கேக்கலாமே?"

"இன்னா பேசற நீ? பெத்தவ சொல்லிட்டா. அதுக்கு மேல டாக்டர் இன்னா சொல்றது?"

பெத்தவ. அந்தச் சொல்லுக்கு முன்னால் நான் எதை வைப்பது? உயிரோடு இருக்கிறவளோடு சண்டை போடலாம். மறுபேச்சே பேசாத உங்களோடு எப்படிச் சண்டை போடுவேன்? நான்கு மாதம் நயமாகச் சொன்னேன், கோபித்துச் சொன்னேன், பேசாமலும் இருந்து பார்த்தேன். ஒவ்வொரு முறையும் நீங்கள்தான் ஜெயித்தீர்கள்.

பிறகு, அடுத்த தெருவில் ஒரு குழந்தைக்குத் தட்டம்மை என்றார்கள். கண் சிவந்து, உடம்பெல்லாம் பொரிந்து, மூச்சு வாங்கி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். யாழினி அந்தத் தெரு வழியாகத்தான் கடைக்கு வருவாள், என் இடுப்பில். அதைக் கேட்டதிலிருந்து அவள் ஒரு தும்மல் போட்டாலும் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னேன். "நீ பாட்டுக்குப் போட்டுக்கினு வந்து, கொயந்தைக்கு ஏதாவது ஆச்சின்னா? சித்திக்காரி பண்ணான்னு ஊரு பேசும். ஒனக்கு எதுக்கு வம்பு?" என்றார்.

அந்தப் பேச்சுதான் என்னைக் கிளப்பிவிட்டது. ஊசி போடுகிற அந்தப் புதன்கிழமை, பிரபுவிடம் சொல்லாமல், யாழினியைத் தூக்கிக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போனேன். உங்களிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? அவள் நன்றாக இருக்க வேண்டும் என்று போனது பாதி. உங்கள் சொல்லை ஒரு தடவையாவது தாண்டிவிட வேண்டும் என்று போனது மீதி. எந்தப் பாதி பெரியது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

நர்சம்மா எங்களைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். வலிப்பு வந்ததைச் சொன்னதும் முகம் மாறியது. "ஊசி போட்டு எத்தினி நேரம் கழிச்சி வந்துச்சி? எத்தினி நிமிஷம் இழுத்துச்சி? ரெண்டு பக்கமும் இழுத்துச்சா, ஒரே பக்கமா? அப்ப ஜொரம் எவ்ளோ?"

நான் யாழினியை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினேன்.

"நீ கூட இல்லையா?"

"இல்லம்மா. நான் அப்புறம் வந்தவ."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தப்பா நெனச்சிக்காத. இத நானா போட மாட்டேன். பெரிய ஆஸ்பத்திரில கொயந்தைங்க டாக்டரப் பாரு. அவங்களும் இதத்தான் கேப்பாங்க. கூட இருந்தவங்களக் கேட்டுக்கினு போ. அவங்கப்பாவையும் இட்டுக்கினு போ."

திரும்பி வரும்போது அழுகை வந்தது. உங்களைத் தாண்டப் போனவள், உங்களைக் கேட்காமல் ஓரடி வைக்க முடியாமல் வந்தேன். அன்றிரவே பிரபுவிடம் போனதைச் சொல்லிவிட்டேன். அவர் கத்தவில்லை. கட்டிலில் போய்த் திரும்பிப் படுத்துக்கொண்டார். சுவரைப் பார்த்தபடியே, "நான் அன்னிக்கி ஷிப்டுல இருந்தேன். ஸ்டெல்லாதான் கூட இருந்தா" என்று மட்டும் சொன்னார்.

உங்கள் கம்பெனியில் உங்களோடு ஒரே லைனில் வேலை பார்த்த ஸ்டெல்லாவை எனக்குப் பழக்கமில்லை. என் கல்யாணத்துக்கு அவள் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை யாழினியைத் தூக்கிக்கொண்டு குன்றத்தூருக்குப் பஸ் ஏறினேன். கதவைத் திறந்தவள் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். என்னை உள்ளே வா என்று சொல்லச் சற்று நேரம் ஆனது.

"ஒங்களுக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று கேட்டாள்.

"டாக்டர் கேப்பாராம். எனக்குத் தெரியல. ஒங்களுக்குத்தான் தெரியும்."

யாழினி அவள் கம்மலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். ஸ்டெல்லா மெதுவாக எல்லாவற்றையும் சொன்னாள். காலையில் ஊசி, சாயந்தரம் நாலு மணிக்கு உடம்பு கொதித்தது, கண் மேலே சொருகியது, இரண்டு கையும் இரண்டு காலும் வெட்டி வெட்டி இழுத்தன. "நான் கடியாரத்தப் பாத்தேன். ரெண்டு நிமிஷம்கூட இல்ல. தேனு நம்பல. அரை மணி நேரம் இழுத்துச்சின்னே சொல்லிக்கினு இருந்தா. செருப்புகூட போடாம ஆட்டோவுல ஏறினா." ஆஸ்பத்திரியில் பார்த்தபோது காய்ச்சல் நூற்று மூன்று இருந்ததாம். நான் ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டேன்.

கிளம்பும்போது, "இருங்க" என்று தன் போனை எடுத்தாள். உங்களோடு பேசியது எதையும் அவள் அழிக்கவில்லை, அக்கா. மேலே மேலே தள்ளிக்கொண்டே போய், ஒரு வாய்ஸ் மெசேஜை வைத்தாள்.

"ஸ்டெல்லா, பாப்பா தூங்கறா, அதான் மெதுவாப் பேசறேன். ஊசியே வேணாம்னு இவருகிட்ட சொல்லிட்டேன். ஆனா மனசு கேக்கலடி. போட்டு மறுபடி இழுத்துக்கிச்சின்னா? போடாம உட்டு அம்மை வந்துச்சின்னா? ஒம்போதாம் மாசம் வரைக்கும் டைம் கீது. நீ ஒரு நாள் லீவு போடு, டாக்டரையே நேரா கேட்டுட்டு வந்துடலாம்."

உங்கள் குரலை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். மெல்லிய குரலாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். சளி கட்டியது போலக் கட்டைக் குரல். ஸ்டெல்லா அழுதாள். நான் யாழினியைப் பார்த்தேன். அவள் திரும்பவில்லை. பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிப்பதிலேயே குறியாக இருந்தாள். உங்கள் குரல் அவளுக்குத் தெரியவில்லை என்று என் மனசுக்குள் ஒரு சந்தோஷம் ஓடியது. ஒரு விநாடிதான். அதற்குள் என்னையே எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது. இதை உங்களைத் தவிர வேறு யாரிடம் சொல்வேன்?

ஸ்டெல்லா எனக்கு அனுப்பிக் கொடுத்த அந்த மெசேஜை பிரபு என் போனில் மூன்று தடவை கேட்டார். பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர்ச் சத்தம் நிற்கவே இல்லை. வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது.

"எங்கிட்ட சொல்லலியே அவ. ஸ்டெல்லாகிட்ட சொல்லிருக்கா."

அந்த முகத்தில் இருந்தது எனக்கு நன்றாகத் தெரிந்ததுதான். அவருக்கும் பொறாமை. கல்யாணமான பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே விஷயத்துக்கு வயிறெரிந்தது அன்றைக்குத்தான். "நாளைக்கு லீவு சொல்றேன். டாக்டரப் பாக்கலாம்" என்றார். நான்கு மாதம் நான் பேசியும் அசையாதவர், உங்கள் அரை நிமிஷப் பேச்சில் எழுந்துவிட்டார். நியாயமாக நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் கொடுத்தது நீங்கள்.

டாக்டரம்மா நான் எழுதிக்கொண்டு போனதைப் பொறுமையாகப் படித்தார். பிள்ளையை நிற்க வைத்து, நடக்க வைத்து, பந்தைக் கொடுத்து வாங்கிப் பார்த்தார். "இது ஜுரத்தால வந்த வலிப்பு. குழந்தை நல்லா இருக்கா. இப்பப் போடப்போறது அன்னிக்குப் போட்ட ஊசி இல்ல, வேற. இதுக்கும் ஜுரம் வரலாம், ஆனா உடனே வராது. ஒரு வாரம், பத்து நாள் கழிச்சு வரும்."

"மறுபடி வலிப்பு வராதுங்களா?" என்றார் பிரபு.

"வரவே வராதுன்னு நான் சொல்ல மாட்டேன். வந்தா என்ன பண்ணணும்னு சொல்லித் தரேன். ஆனா இப்ப ஊர்ல அம்மை இருக்கு. அது வந்தா இதவிட ஆபத்து. நான் போடச் சொல்றேன். நீங்க ரெண்டு பேரும் யோசிச்சு சொல்லுங்க."

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தோம். பிரபு என் முகத்தைப் பார்த்து, "நீ சொல்லு" என்றார். இத்தனை நாள் அந்த ஒரு வார்த்தைக்காகத்தானே மல்லுக்கட்டினேன்? வந்ததும் யாழினியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஏதாவது ஆனால்? என்னைச் சொல்வார்கள் என்ற பயம் இல்லை அது. அவளுக்கு ஏதாவது ஆனால் என்பதுதான். "போடலாம்" என்றேன்.

ஊசி போடும் பெண் அட்டையில் எழுதிக்கொண்டே, "அம்மா பேரு?" என்றாள். யாழினி என் மடியில் இருந்தாள். பிரபு என்னைப் பார்த்தார். நான் "தேன்மொழி" என்றேன்.

எட்டாவது நாள் மத்தியானம் காய்ச்சல் வந்தது. பிரபு வேலைக்குப் போயிருந்தார். டாக்டரம்மா சொன்ன மருந்தைக் கொடுத்தேன். உடுப்பைத் தளர்த்திவிட்டு அருகிலேயே உட்கார்ந்தேன். இழுத்தால் ஒரு பக்கமாகப் படுக்கவைக்க வேண்டும், வாயில் எதையும் வைக்கக்கூடாது, மணியைப் பார்க்க வேண்டும். மந்திரம் மாதிரி அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். தூக்கத்தில் அவள் கை ஒரு தடவை வெட்டியது. என் உயிர் போய் வந்தது. வெறும் தூக்க வெட்டுதான். உங்களுக்கு அன்றைக்கு ஸ்டெல்லா இருந்தாள், எனக்கு யார் இருக்கிறார்கள் என்று மறுபடியும் உங்கள் மேலேயே ஆத்திரம் வந்தது.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. ஸ்டெல்லா. நைட் ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்திருந்தாள். "ஒரு வாரம் கழிச்சி ஜொரம் வரும்னு போன்ல சொன்னியே. நாள் எண்ணிக்கினே இருந்தேன்" என்று யாழினியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "இன்னும் சாப்பிடலதானே? போ, போய்ச் சாப்பிட்டு வா. நான் பாத்துக்கறேன்." அதுவரை என்னை வாங்க, போங்க என்றவள்.

இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கியது. முதுகில் லேசாகப் பொரிந்து அதுவும் மறைந்தது. வலிப்பு வரவில்லை, அக்கா.

அடுத்த மாதம் இன்னொரு ஊசி இருக்கிறது. அன்றைக்கு வலிப்பு வந்ததே, அதே ஊசியின் அடுத்த தவணை. அதிலேயே காய்ச்சல் குறைவாக வரும் வேறு வகை ஒன்று இருக்கிறதாம். அப்போது வாருங்கள், பார்த்து முடிவு செய்யலாம் என்றார் டாக்டரம்மா. நான் இப்போதே நாள் எண்ண ஆரம்பித்துவிட்டேன். சரியாகத்தான் செய்கிறோமா? உங்களுக்கும் இப்படித்தான் இருந்ததா?

ஒன்று சொல்கிறேன். தேன்மொழி இருந்தால் என்ன செய்திருப்பாள் என்று இனி இந்த வீட்டில் யாரையும் கேட்க மாட்டேன். நானும் அவரும் போவோம், கேட்போம், முடிவெடுப்போம். எடுத்ததை உங்களிடம் வந்து சொல்வேன். நல்லதானாலும் சொல்வேன், பயந்தாலும் சொல்வேன். பொறாமை போய்விட்டது என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். அது போகிற அன்றைக்கு அதையும் எழுதுகிறேன்.

உங்களுக்குப் பின்னால் வந்த
உங்கள் தங்கை,
யாழினியின் சித்தி,
அமுதா