அப்பா நிரப்பிய டாங்கு

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன், இல்லையென்றால் இதை மூடிவைத்துவிட்டு முதலில் போய்ச் சாப்பிடு. உன் தங்கை கல்லூரிக் குழுவோடு சேர்ந்து நம் பழைய டீசல் வேனை, ஓட்டல்களில் பொரித்து மிஞ்சிய எண்ணெயைக் காய்ச்சி எடுத்த எரிபொருளில் ஓடும்படி மாற்றிக்கொண்டிருந்தாள் அல்லவா, போன வாரம் அப்படி மாற்றிய வண்டிகளுக்கு ஓட்டப் போட்டி. இத்தனை நாளும் வீடு முழுக்க வாணலி வாசம்தான், நான் அடுப்பே பற்றவைக்காத அன்றுகூடப் பக்கத்து வீட்டம்மா என்ன பலகாரம் என்று எட்டிப் பார்ப்பாள்.

போட்டியில் ஒரு விதி, டாங்கில் டீசல் துளிகூட இருக்கக் கூடாது. நானும் உன் தங்கையும் முன்னாலேயே போய்விட்டோம், வண்டியைக் கொண்டுவரும் பொறுப்பு அப்பாவுக்கு. அவரைத்தான் உனக்குத் தெரியுமே, டீசல் காட்டும் முள் பாதிக்குக் கீழே இறங்கினால் மனுஷருக்குத் தூக்கம் வராது. வழியில் பெட்ரோல் பங்கில் நிறுத்தி டாங்கு நிறைய டீசல் போட்டுக்கொண்டு சிரித்த முகமாக வந்து நிற்கிறார். சோதனை வரிசையில்தான் இவள் முள் உச்சியில் நிற்பதைப் பார்த்தாள். பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள், அப்பா வானத்தைப் பார்க்கிறார், எனக்கோ சிரிப்பு வருகிறது. இவள் சத்தமே போடவில்லை. "டீசல் போட்டதுக்குக்கூட கோபம் இல்லப்பா, எங்க எண்ணெயில வண்டி ஓடாதுன்னு நினைச்சுட்டீங்களே" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பா நேரே நடுவர்களிடம் போய், தப்பு என்னுடையது, பிள்ளைகளை நிறுத்திவிடாதீர்கள் என்றார். எங்கள் எதிரில் முழுக்க வடித்துக் கழுவினால் கடைசி வண்டியாக விடுகிறோம் என்றார்கள். அப்பா இஸ்திரி போட்ட சட்டையோடு வேனுக்கு அடியில் போய்ப் படுத்தார், அந்தச் சட்டை இனி தரை துடைக்கத்தான் ஆகும். திரும்பி வருவதற்கென்று வைத்திருந்த ஒரே கேன் எண்ணெயை ஊற்றிக்கொண்டு பிள்ளைகள் புறப்பட்டார்கள். பரிசு வரவில்லை, ஆனால் முழுத் தூரமும் ஓடி முடித்த சில வண்டிகளில் நம்முடையதும் ஒன்று.

வீட்டுக்குக் கிளம்பும்போது டாங்கில் அடி எண்ணெய்தான் மிச்சம். வடித்த டீசலையே ஊற்றிக்கொள்ளலாம் என்று இவளே சொன்னாள். "வேண்டாம்மா, உன் எண்ணெயிலயே போவோம்" என்று அப்பா வண்டியை எடுத்துவிட்டார். நம் தெருமுனை வரை வந்து நின்றுபோனது. இறங்கித் தள்ளினார், வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் என் மகள் செய்த வண்டி என்று சொல்லிச் சொல்லித் தள்ளினார்.

எங்கள் இருவரின் ஆசியும் எப்போதும் உனக்கு உண்டு, மனம் நிறைந்து இரு. ஞாயிற்றுக்கிழமை தங்கையைக் கூப்பிடு, பரிசைப் பற்றிக் கேட்காதே, வண்டியைப் பற்றிக் கேள்.

என்றும் உன்னையே நினைக்கும்
அம்மா