நல்லாயிருக்கேன் என்று சொன்னவர்

அன்புள்ள பெரியவனுக்கு,

நீயும் மருமகளும் குட்டியும் அங்கே காய்ச்சல், தலைவலி என்று படுக்காமல் இருந்தால் எனக்கு அதுவே போதும். இங்கே என் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் ஒரு நிலையில் இல்லை. பதினோரு நாளாக உன் போனை எடுக்காமல் பிறகு பேசுகிறேன் என்று செய்தி மட்டும் அனுப்பினேன், கோபித்துக்கொள்ளாதே. வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன், நீ பதறிப்போய் விமானத்துக்கு அலைவாய், விமானமும் இப்போது இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

இந்தத் தொற்றுக் காய்ச்சல் வந்து எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டதும், தனியாக இருக்கும் வயசானவர்களுக்குச் சாப்பாடும் மாத்திரையும் கொடுக்கிற தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தேன் என்று சொன்னேன் அல்லவா. முப்பத்தொரு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் குரலை வைத்தே பிழைத்தவள் நான், வீட்டை விட்டு இறங்காமல் செய்ய இதைவிட எனக்கு என்ன வேலை என்று பெருமையாகக்கூட இருந்தது. பதினாறு பேர் கொண்ட பட்டியல் கொடுத்தார்கள். காலையில் ஒவ்வொருவரையும் கூப்பிட்டுச் சாப்பாடு வந்ததா, மாத்திரை இருக்கிறதா, காய்ச்சல் உண்டா என்று கேட்டுக் கட்டத்தில் குறிக்க வேண்டும். ஒருவர் மருமகளைத் திட்டித் தீர்ப்பார், இன்னொருவர் பல்செட்டைக் காணோம் என்று என்னைத் தேடச் சொல்வார், போனிலேயே எங்கே தேடுவது. அந்தப் பட்டியலில் ஒருவர் பூட்டுக்காரர். சாவி தொலைத்தவர்களுக்கெல்லாம் போய்க் கதவு திறந்துவிட்ட மனுஷன், வயசு எழுபத்தொன்பது, எதிர்க் கட்டடத்தில் மூன்றாவது மாடி, மனைவி போய் ஆறு வருஷம், பிள்ளைகள் இல்லை. நான் என்ன கேட்டாலும் நல்லாயிருக்கேம்மா, நல்லாயிருக்கேன் என்பார், அடுத்த கேள்விக்குள் சரிம்மா என்று வைத்துவிடுவார். தொல்லை தராத மனுஷர் என்று நினைத்து முதல் நான்கு நாளும் நலம், நலம் என்று குறித்தேன், பாவி.

ஐந்தாம் நாளும் அப்படித்தான் குறித்தேன். அன்றைக்குத்தான் சாப்பாடு கொண்டுபோகிற ஆள் மாறியிருந்தது, முன்பு பள்ளி வேன் ஓட்டிய பெண் போயிருந்தாள். மூச்சிரைக்க என்னைக் கூப்பிட்டு, அக்கா, நேத்து வச்சதும் முந்தாநாள் வச்சதும் பூட்டுக்காரர் வாசல்லயே கெடக்கு, தட்டினா சத்தமே இல்ல என்றாள். அதற்கு முன் போனவர் பொட்டலத்தை வைத்து மணியடித்துவிட்டு இறங்கிவிடுவாராம், முந்தின நாள் பொட்டலம் அப்படியே இருக்கிறதே என்று யாரிடமும் சொல்லவில்லை, சொல்ல வேண்டும் என்று அவரிடமும் யாரும் சொல்லவில்லை. நானும் எதிர்க் கட்டடத்துக்கு ஓடினேன். ஆட்களைக் கூப்பிட்டுக் கதவை உடைத்துப் பார்த்தால் மனுஷர் கட்டிலுக்குக் கீழே கிடக்கிறார், உடம்பு அனலாகக் கொதிக்கிறது, கையில் போன். கீழ்வீட்டு அம்மா வந்து, அவருக்குக் காது போயி ரெண்டு வருஷம் ஆச்சே, உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டாள். தினமும் ஒரு அம்மா நலம் விசாரிப்பார் என்று முதல் பொட்டலத்தோடு சீட்டு போயிருந்தது. போன் அதிர்வது கையில் தெரிந்ததும் எடுத்து நல்லாயிருக்கேன் என்று சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் யாரையும் உள்ளே விடவில்லை. எல்லோரும் முகத்தை மூடியிருந்ததால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளவும் அவருக்கு வழியில்லை. நான் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் பெரிய எழுத்தில், தினமும் போன் பண்ணினது நான்தான், உங்களுக்குக் காது கேட்காதது தெரியாமல் போச்சு, என்னை மன்னியுங்கள் என்று எழுதி வேன்காரப் பெண்ணிடம் கொடுத்தனுப்பினேன். ஒரு நர்ஸ் அதை அவரிடம் காட்டியிருக்கிறாள். அவர் கீழே எழுதிக் கொடுத்ததைப் படம் பிடித்து அனுப்பினாள். எழுத்து கோணல்மாணலாக இருந்தது. நீங்க பேசினது ஒண்ணும் கேக்கலம்மா, ஆனா தினமும் ஒரு ஆள் கூப்பிடுதேன்னு இருந்துச்சு, காது கேக்காதுன்னு சொன்னா நிறுத்திடுவீங்களோன்னு பயந்துட்டேன் என்று எழுதியிருந்தார். மறுநாள் போய்விட்டார். அடக்கத்துக்கு நானும் வேன்காரப் பெண்ணும் மயானத்து கேட்டுக்கு வெளியேதான் நின்றோம், சொந்தம் என்று சொல்லிக்கொள்ள ஒருவரும் வரவில்லை.

நிறுவனத்தை நடத்துகிற அம்மாவிடம் போய், நலம் என்று எழுதின கை இது என்று அழுதேன். உன் ஒருத்தி தப்பு இல்ல, மொத நாளே ஒருத்தர் போயி முகத்தைப் பாத்திருக்கணும், அந்தக் கட்டத்தை வரைஞ்சது நான்தானே என்று அவரும் அழுதார். இப்போது போன் பண்ணுகிற ஒருவருக்குப் பட்டியலில் ஆறு பேர்தான். முதல் நாள் யாராவது படியில் தள்ளி நின்று முகம் பார்த்து, காது கேட்குமா, கண் தெரியுமா என்று விசாரிக்கிறார்கள். பொட்டலம் எடுக்காமல் கிடந்தால் உடனே தகவல் சொல்ல வேண்டும். காது கேட்காதவர்களுக்கு அட்டையில் எழுதிக் கதவிடுக்கில் போடுகிறோம், அவர்களும் எழுதிப் போடுகிறார்கள். எல்லாம் நல்லதுதான், ஆனால் ஒரு உயிர் போனபிறகுதானே புத்தி வந்தது. நேற்றிலிருந்து மறுபடி வேலையைத் தொடங்கியிருக்கிறேன், நல்லாயிருக்கேன் என்று யார் சொன்னாலும் இன்னொரு கேள்வி கேட்டுப் பதில் வாங்கிவிட்டுத்தான் வைக்கிறேன்.

மருமகளுடைய அப்பாவும் அந்தப் பெரிய வீட்டில் ஒண்டியாகத்தான் இருக்கிறார். யார் கேட்டாலும் சௌகரியம் என்பார், கௌரவம் பார்க்கிறவர். நீங்கள் வழக்கமாக அவரைக் கூப்பிடுகிற ஞாயிற்றுக்கிழமை வரை காத்திராதே, இதைப் படித்ததும் முகம் தெரிகிற மாதிரி அவரைக் கூப்பிடு. சௌகரியம் என்றதும் வைத்துவிடாதே. அடுப்படியைக் காட்டச் சொல், மாத்திரை டப்பாவைக் காட்டச் சொல், அவர் எரிச்சல்பட்டாலும் பரவாயில்லை. குட்டியை மடியில் வைத்துக்கொண்டு பேசு, அப்போதுதான் சீக்கிரம் வைக்க மாட்டார்.

மூவரும் நீண்ட ஆயுளோடு, ஒருவருக்கொருவர் துணையாக நன்றாக இருங்கள்.

உன் அம்மா