பாலத்தில் தொங்கும் கருஞ்சுறா

ஆகஸ்ட் 14, 2001. செவ்வாய்.

ராயபுரம் கடையில் இந்த மாத காமிக்ஸ் வந்துவிட்டது. கடைசிப் பக்கத்தில் ‘விரைவில்’ என்று நான்கு புது ஹீரோக்களின் விளம்பரம். எல்லாம் குப்பை. முகமூடி ஒன்றேதான், நிறத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். என் அபிமான ஹீரோ கருஞ்சுறாவைக் காணோம்.

வாசகர் பகுதியில் என் கடிதம் வந்திருந்தது. “கருஞ்சுறா கதைகளில் பழைய விறுவிறுப்பு இல்லை” என்று எழுதியிருந்தேன். அடுத்ததையாவது உருப்படியாகப் போடட்டும் என்றுதான் எழுதினேன். கீழே ஆசிரியரின் பதில்: “உங்கள் கருத்தை ஏற்று கருஞ்சுறா தொடரை நிறுத்துகிறோம்.”

கொருக்குப்பேட்டை கூட்ஸ் ஷெட்டில் என்னோடு மூட்டை தூக்கும் தாஸ், பத்து வருடமாக என்னிடம் காமிக்ஸ் இரவல் வாங்கிப் படிப்பவன், அதைப் படித்தான்.

“இன்னா மாமு, நீயே அவன காலி பண்ட்டியே?”

புத்தகத்தை என் மடியில் போட்டுவிட்டு எழுந்து போனான். டீக்குக்கூட நிற்கவில்லை.

வேண்டாம், நிறுத்தாதீர்கள் என்று இன்னொரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். இரண்டு வரிக்கு மேல் ஓடவில்லை. எந்த முகத்தோடு எழுதுவது?

போன இதழின் கடைசிக் கட்டத்தில் கருஞ்சுறா உடைந்த பாலத்தை ஒரு கையால் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான். கீழே ‘தொடரும்’ என்று போட்டிருந்தது. இன்னும் அப்படியேதான் தொங்குகிறான். இனி யாரும் வரப்போவதில்லை.