மகளுக்கு அடுக்கிய கற்கள்

என் பிரியமான மாமா,

அஸ்ஸலாமு அலைக்கும். வெள்ளிக்கிழமைகளில் உங்களை அடக்கிய கப்றடியில் நின்று சொல்கிற அதே ஸலாம்தான். அங்கே பக்கத்தில் ஆட்கள் நிற்பதால் மனம்விட்டு எதுவும் கதைக்க முடிவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் சுகம். களைப்புத்தான் கூட. நான் ஓட்டோ நிறுத்துகிற பாலாவிச் சந்தியில் ஓட்டோக்கள் பெருகிவிட்டன, ஏறத்தான் ஆட்களைக் காணோம். உங்கள் பேத்தி ஸீனத்தை டவுனில் தனியார் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கிறோம். ஊர்ப் பள்ளியில் கணக்கு ஆசிரியர் வருவதும் போவதுமாக இருந்தார், பிள்ளைக்கோ கணக்கென்றால் உயிர். ஆனால் ஒரு தவணைக் கட்டணத்தைக் கட்டி மூச்சு விடுவதற்குள் அடுத்த தவணை வந்து நிற்கிறது. அதோடு வேன் காசு, சப்பாத்து, அது இது. எத்தனை காலம்தான் இப்படி இழுப்பது, மாமா?

ஸீனத் பிறந்த வருஷம் நீங்கள் ஒரு ட்ரக்டர் சீமெந்துக் கல் இறக்கியது நினைவிருக்கிறதா? வீட்டோடு ஒட்டிய நம் வெறும் வளவில் அடுக்கிவிட்டுச் சொன்னீர்கள்: “மருமகன், என்ட மகளுக்குக் கலியாணத்துக்கு நான் வீடு குடுத்தன். உங்கட மகளுக்கு நீங்க குடுக்கணும். இப்பவே சேர்த்தாத்தான் சரி.” யுத்த காலத்தில் மன்னாரில் வீட்டையும் வளவையும் விட்டு, உடுத்த உடுப்போடு துரத்தப்பட்டு வந்த மனிதர் நீங்கள். உங்களிடம் போய் வீடு எதற்கு என்று யார் கேட்பது? நானும் காசு மிஞ்சியபோதெல்லாம் கல் வாங்கி அடுக்கினேன்.

அந்தக் கல்லை விற்றுத்தான் இப்போது பள்ளிக்கூடத்துக்குக் கட்டுகிறோம். பின்பக்கத்திலிருந்து எடுத்தோம், ரோட்டுப்பக்க வரிசையைத் தொடவில்லை. பெண்பிள்ளை இருக்கிற வீட்டில் கல் அடுக்கியிருந்தால்தான் ஊருக்கு நம்பிக்கை. சைக்கிளில் போகிற பக்கத்து வீட்டுச் சாச்சா, “கல்லெல்லாம் ரெடி, இனி மாப்பிள்ளை ஒண்டுதான் குறை” என்று பகிடி விடுவார். நானும் சிரிப்பேன். வரிசைக்குப் பின்னால் வெறும் மணலில் ஆடு படுத்திருக்கும்.

இந்தத் தவணைக்கு அந்த ரோட்டுப்பக்க வரிசைதான் மிச்சம். எனக்குக் கை வரவில்லை. ஸீனத்தை ஊர்ப் பள்ளிக்கே திருப்பிவிடுவோம் என்று உங்கள் மகள் ரிஹானாவிடம் சொன்னேன். வெட்கமாக இருந்தது, ஏலாமல்தான் சொன்னேன்.

மீன் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிரவேயில்லை.

“பெரிய வகுப்பு, ஏ.எல். படிக்க டவுனுக்குப் போறன் எண்டு நானும் வாப்பாட்ட கேட்டன். ‘உன்ட வீட்டுக்குக் கூரை போடணும் மகள், ரெண்டும் ஏலாது’ எண்டார். கூரையைப் போட்டார், நான் படிப்பை விட்டன்.”

“வாப்பாவைக் குறை சொல்றியா?”

“இல்ல. பாவம், வீடில்லாம நிண்ட மனுஷன். தனக்கு இல்லாமப் போனதை எனக்குத் தந்தார். நல்ல வீடு, ஒழுகாது. ஆனா ஸீனத் கணக்குக் கேட்டா எனக்குச் சொல்லிக் குடுக்கத் தெரியாது. நீங்க கல்லை வித்துப்போட்டு வாங்க.”

இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் படிப்பை விட்ட இந்த ஏக்கத்தை அவள் என்னிடம் சொன்னதில்லை. உங்களிடமாவது சொன்னாளா?

நேற்றுக் காலை ட்ரக்டர் வந்தது. ஊரே பார்த்தது. சாச்சா சைக்கிளை நிறுத்தி, “என்ன மகன், வீடு கட்டத் தொடங்கியாச்சா?” என்றார். நான் வாயைத் திறக்குமுன், கல்லை என் கையில் தந்தபடி ரிஹானா சொன்னாள்: “இல்ல சாச்சா, பிள்ளையைப் படிப்பிக்க விக்கிறம்.” அவர் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

இப்போது வளவு வெளித்துக் கிடக்கிறது. அடுத்த தவணைக்கு என்ன செய்வதென்று தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது.

மாமா, ஸீனத்துக்கு வீடு கட்டுவேன் என்று இனி உங்களுக்கு வாக்குத் தர ஏலாது. வேறொரு வாக்குத் தருகிறேன்: கூரைக்காக அவளிடம் படிப்பை விலையாகக் கேட்கமாட்டேன். நீங்கள் போட்ட கூரையின் கீழ் இருந்துதான் இதை எழுதுகிறேன். உள்ளே அவள் கணக்குச் செய்கிறாள். விளங்காவிட்டாலும், உங்கள் மகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

உங்கள் வீட்டில் குடியிருக்கும்,
மருமகன்